வெறுந்தெரு மரகதவல்லி

அல்லியங்கோட்டையில் எந்தக் காலத்திலும் வாழ்ந்திராத மரகதவல்லி என்பவள், ஒரு புதன்கிழமை காலையில், அலங்கத் தெரு மாவு மில்லின் மாடியில், பச்சைக் கண்ணாடி ஜன்னல் ஓரமாக வந்து உட்கார்ந்தாள். மில்லின் சொந்தக்காரி தையல்நாயகி அப்போது கீழே மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழன்ற பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மேலே கொலுசுச் சத்தம் கேட்டது. பூனை என்று நினைத்தாள். பூனை கொலுசு போடாது என்பது உறைத்ததும், மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

"யாரு நீ? அடுத்தவ வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

ஜன்னலில் இருந்தவள் கண்களை அகல விரித்து, "அரசே, இன்று ஏன் இத்தனை தாமதம்?" என்றாள்.

தையல்நாயகிக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த வசனத்தைப் பல வருஷமாகத் தன் வாசலில், ஒரு கறுப்புக் குடையின் கீழே, நான்கு பாஷைகளில் கேட்டுச் சலித்தவள் அவள். "ஓ, நீதானா அது" என்று சொல்லிவிட்டு, அரைகுறையாய்க் கிடந்த கேழ்வரகை அரைக்கக் கீழே இறங்கிப் போனாள்.

அல்லியங்கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஊர் ராஜாக்கள் ஜெயித்த போர் என்று ஒன்றுகூட இல்லை. யார் படையெடுத்து வந்தாலும் வாசலில் கோலம் போட்டு வரவேற்றுக் கப்பம் கட்டிவிடுவார்கள். ஆகவே அவர்களுக்கு அரண்மனை கட்ட ஏகப்பட்ட அவகாசம் இருந்தது, கட்டினார்கள், கட்டியதை இடித்து மறுபடி கட்டினார்கள், கடைசியில் கட்ட ஆளில்லாமல் செத்துப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன அந்தப் பெரிய கட்டடத்தைக் காட்டிப் பிழைப்பதுதான் ஊரின் இப்போதைய வீரம். காலையில் பஸ்கள் வரும், கழுத்தில் அட்டை தொங்கும் கைடுகள் குடையை உயர்த்திக்கொண்டு முன்னே நடப்பார்கள், தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஜனம் பின்னே நடக்கும், தர்பார் மண்டபத்தின் தூணைத் தட்டினால் சங்கீதம் வரும் என்று கைடு சொல்வார், எல்லோரும் தட்டுவார்கள், சங்கீதம் கேட்டதாகத் தலையை வேறு ஆட்டுவார்கள். தையல்நாயகியும் ஒருமுறை தட்டிப் பார்த்திருக்கிறாள். தூண் தட்டின சத்தம்தான் வந்தது.

சிக்கல் அரண்மனையில் இல்லை, அதற்கு அப்பால்தான் இருந்தது. அரண்மனையைப் பார்த்து முடித்தவர்களைப் பட்டுப்புடவைக் கடைக்குக் கூட்டிப் போனால்தான் கைடுக்கு நாலு காசு. கடையோ அலங்கத் தெருவின் மறுகோடியில். நடுவில் ஒரு சைக்கிள் கடை, மூடிப்போன ஒரு சினிமா கொட்டகை, ஒரு ரேஷன் கடை, ஒரு மாவு மில். உச்சி வெயிலில் ஒருவன் மெனக்கெட்டுத் திரும்பிப் பார்க்க அந்தத் தெருவில் ஒரு மண்ணும் கிடையாது. கைடுகள் தங்களுக்குள் அதை வெறுந்தெரு என்றே சொல்வார்கள். பாதித் தெரு நடந்ததும் கூட்டம் முணுமுணுக்கும், ஒருத்தி செருப்பு கடிக்கிறது என்பாள், ஒருவன் பஸ்ஸில் ஏசி இருக்கிறது என்று எல்லோருக்கும் நினைவூட்டுவான், ஆட்டு மந்தை மாதிரி மொத்தமும் திரும்பிவிடும்.

அப்படி ஒரு கூட்டம் மாவு மில் வாசலில் திரும்பத் தொடங்கிய நேரத்தில்தான் கலியமூர்த்தி என்கிற கைடு, வேறு வழியில்லாமல், குடையை மாடி ஜன்னலை நோக்கி நீட்டினான். "அதோ அந்த மரகதப் பச்சை ஜன்னல் இருக்கிறதே" என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தபோது அவனுக்கே அடுத்த வரி தெரியாது. "அங்கேதான் ராஜாவின் ஆசைநாயகி மரகதவல்லி காத்திருப்பாள்." கூட்டம் நின்றது. செருப்பு கடித்தவள்கூட நின்றாள். அந்த ஜன்னல், தையல்நாயகியின் மாமனார் வீடு கட்டும்போது, ஒரு வெள்ளைக்கார துரையின் இடித்துத் தள்ளிய குளியலறையிலிருந்து ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்தது. அதைச் சொல்லியிருந்தால் எவன் நிற்பான்?

அன்றிலிருந்து எல்லாக் கைடுகளும் அங்கே நின்றார்கள். பொம்மை பிடிக்கிற மாதிரி ஆளுக்கொரு கை மண் அப்பினார்கள். வடக்கத்தி ஜனங்களிடம் அவள் குதிரைமேல் கடத்திக் கொண்டுவரப்பட்டவள். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் ஒரு பிரெஞ்சுத் தளபதியை நினைத்து உருகியவள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால், கூட வரும் டீச்சர்கள் முறைப்பதால், பூமாலை தொடுத்துச் சாமிக்குச் சாத்திய பரம பக்தை. கைடுகளுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. குடை யார் கையில் உயர்ந்திருக்கிறதோ அவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கக் கூடாது. அரண்மனையைக் கட்டியவர்களுக்குக்கூட இல்லாத ஒழுங்கு அது. இப்படியே வருஷக்கணக்கில், நாள் தவறாமல், அத்தனை வாய்கள் அந்த ஜன்னலைப் பார்த்துச் சொல்லிச் சொல்லி, அத்தனை கண்கள் அண்ணாந்து நம்பி நம்பி, கடைசியில் அந்தப் புதன்கிழமை அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். வராமல் என்ன செய்வாள், பாவம்.

வாயால் செய்த பெண் என்பதால் வாய் சொன்னது மட்டும்தான் அவளிடம் இருந்தது. எல்லோரும் கண்ணில் ஆரம்பித்ததால் கண் அநியாயத்துக்குப் பெரிதாக இருந்தது. கலியமூர்த்தி தன் முஷ்டியை மூடிக் காட்டியதால் இடுப்பு ஒரு முஷ்டி அளவுதான். மூக்குத்தி, ஒட்டியாணம், கொலுசு எல்லாம் உண்டு. முதுகைப் பற்றி எவரும் எதுவும் சொல்லாததால் முதுகு இல்லை. திரும்பி நின்றால் சுவர் தெரிந்தது. அவள் சாப்பிட்டதாகவும் யாரும் சொன்னதில்லை, முத்துச் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையைத் தவிர. அதைக் கேட்டு அவள் காலையும் மாலையும் கையை நீட்டினாள். "இதான் முத்து, போடு" என்று தையல்நாயகி கடைச் சுண்ணாம்பையே தடவிக் கொடுத்தாள். பள்ளிக்கூடக் கூட்டம் வருகிற அன்று அவள் திடீரென்று நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு தேவாரம் முணுமுணுப்பாள், பிற்பகலில் பிரெஞ்சுக்காரர்கள் வந்ததும் விபூதி மறைந்து கண்ணீர் பெருகும். ஒருநாள் மிளகாய் அரைக்க வந்த ஆசாமி மாடியை எட்டிப் பார்க்க, "அரசே, இன்று ஏன் இத்தனை தாமதம்?" என்று கேட்டுவிட்டாள். அவன் மிளகாயைப் போட்டுவிட்டு ஓடியவன் திரும்ப வரவேயில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வயிற்று வலிக்காரன் கஷாயத்தை எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரே மடக்கில் எடுத்துக்கொண்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை, ஏன் இத்தனை நாள் கழித்து வந்தாள் என்று வேண்டுமானால் குறைபட்டுக்கொண்டார்கள். இரண்டு சாதிச் சங்கங்கள் அவள் தங்கள் குலத்துப் பெண் என்று போட்டி போட்டுச் சுவரொட்டி ஒட்டின. ஆசைநாயகி என்பது மெதுவாக நினைவுக்கு வந்ததும், போட்டி போட்டுக் கிழித்தன. ராஜ வம்சத்தின் கடைசி வாரிசு என்று சொல்லிக்கொண்டு லாட்ஜ் நடத்தும் ஒருவர் மாலையும் கையுமாக வந்து, அந்த ஒட்டியாணம் குடும்பச் சொத்து என்றும் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் மாலையைப் போடுவதாகவும் சொன்னார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அவளுடைய காலம் பற்றிக் கட்டுரை வாசித்தார். அவளையே கேட்டிருக்கலாமே என்றதற்கு, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்பது ஆராய்ச்சி ஆகாது என்றார். சைக்கிள் கடை மரகதவல்லி சைக்கிள் கடை ஆயிற்று. தையல்நாயகியின் மில் வாசலில் மட்டும், பஸ்ஸில் வந்தவர்களின் நெரிசலில், கூடை தூக்கி வருகிற ஒருத்திக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

இவ்வளவையும் தையல்நாயகி பொறுத்துக்கொண்டாள். புருஷன் போன பிறகு அந்த மில்தான் அவளுக்குப் பிள்ளை, பேச்சுத்துணை, பிழைப்பு எல்லாம். மேலே ஒருத்தி உட்கார்ந்திருப்பதால் கீழே கல் சுற்றுவது நிற்கப்போவதில்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பு தப்பு என்று ஓர் அதிகாரி வந்து சொன்னார். பழமையைக் காப்பாற்றுகிற ஏதோ ஓர் அலுவலகம். பெயர் இளம்பரிதி. செருப்பைக் கழற்றாமல் மாடிவரை போய் வந்தவர், மில்லுக்குள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, இந்த மெஷின் அதிர்வு கட்டடத்துக்கு ஆகாது. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க. இது நினைவில்லம் ஆகப்போவுது."

"எம் வீட்ட நான் எதுக்குங்க காலி பண்ணணும்?"

"உங்க வீடுன்னு யாரு சொன்னது?"

"பத்திரம் சொல்லுது. எங்க மாமனாரு கட்டுனது. அவரு செங்கல் அடுக்குனத பாத்தவங்க இன்னும் இந்தத் தெருவுல இருக்காங்க."

"உங்க பத்திரத்துக்கு வயசு அறுவதும்மா. மேல இருக்கற அம்மா முந்நூறு வருஷமா இங்க குடியிருக்காங்க. நீங்களே சொல்லுங்க, யாரு மூத்தவங்க?"

"போன மாசம் ஒரு புதங்கிழமதானய்யா வந்தா!"

"வந்தது புதங்கிழமை. இருந்தது முந்நூறு வருஷம்" என்றார் இளம்பரிதி, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக.

தையல்நாயகி தெருவுக்கு ஓடினாள். எதிர்வீட்டு சிங்காரவேலு, ரிட்டயர்டு தபால்காரர், சின்ன வயதில் அந்த வீட்டுக்கு மணல் சலித்தவர். அவரைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து, "சொல்லுங்கண்ணே, இத யாரு கட்டுனது?" என்றாள். சிங்காரவேலு தலையைச் சொறிந்தார். அவருடைய முன்னறை இப்போது மரகதவல்லி கூல்டிரிங்க்ஸாக மாறியிருந்தது. "மணல் சலிச்சேந்தான்" என்றார். "ஆனா அந்த ஜன்னலு அப்பவே அங்க இருந்துச்சும்மா. ஆகாசத்துல. அதச் சுத்தித்தான் உங்க மாமனாரு கட்டுனாரு." சொல்லிவிட்டு அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சோடாவுக்கு ஐஸ் போடப் போய்விட்டார். தையல்நாயகிக்கு அழுகை வரவில்லை, அருவருப்பு வந்தது; இத்தனை வருஷமாக இவர்களுக்கா கல்லும் உமியும் கலக்காமல் அரைத்துக் கொடுத்தோம் என்று வந்தது.

மறுநாள் அரண்மனை வாசல் டீக்கடைக்குப் போய்க் கலியமூர்த்தியைப் பிடித்தாள். அவன் எழுந்து நின்று, அவளுக்கும் ஒரு டீ சொன்னான்.

"உன் டீ ஒண்ணும் வேணாம். அவ பொய்யின்னு ஒரே ஒரு தடவ சொல்லு. நீ பெத்த பொய்தான அவ?"

"சொல்லிப் பாத்தேங்க்கா. சத்தியமா. நேத்திக்குக் குடையத் தூக்கி, இது சும்மா ஒரு வீடு, கீழ மாவு அரைக்கிறாங்க, அந்தக்கா நல்லவங்கன்னு சொன்னேன். மொத்தக் கூட்டமும் பஸ்ஸுக்குத் திரும்பிருச்சு. திரும்பி நடக்கையிலயே அவங்களுக்குள்ள பேசிக்கிறாங்க, இந்த கைடுக்கு ஒண்ணும் தெரியல, மரகதவல்லி வீட்டக்கூடக் காட்டலன்னு."

"அப்ப எம் வீடு?"

கலியமூர்த்தி குடையின் கம்பியைத் தடவிக்கொண்டே இருந்தான். வெட்கப்படத் தெரிந்த ஒரே கைடு அவன்தான். அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. "நெசத்தச் சொன்னா காது கேக்காதுக்கா அவங்களுக்கு" என்றான். "கதைய நிறுத்த எங்களால ஆகாது. வேணுன்னா நீட்டலாம்."

அந்தப் பேச்சை அசைபோட்டுக்கொண்டே அவள் வீட்டுக்கு வந்தாள். மரகதவல்லியைச் சாகடித்துவிட்டால் என்ன என்று முதலில் தோன்றியது. ராஜா வராத ஏக்கத்தில் ஜன்னலிலிருந்து குதித்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் செத்தவளுக்குச் சமாதி கேட்பார்கள், சமாதிக்கு வேலி கேட்பார்கள், வேலிக்குள் தன் மில் இருக்காது. அரண்மனைக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்றால், அவள் விட்டுப்போன மாளிகை என்று அதற்கும் ஒரு பலகை வைப்பார்கள். இந்த ஜனம் எதற்கெல்லாம் நிற்கும் என்று யோசித்துப் பார்த்தாள். காதலுக்கு நிற்கும், சாவுக்கு நிற்கும், நகைக்கு நிற்கும். எதற்கு நிற்காது என்பதை யோசிக்க அவளுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை.

மாசக் கடைசியில் பந்தல் போட்டார்கள். மைக் செட், ரிப்பன், பெரிய இடத்து விருந்தாளி ஒருவர், நிற்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம். நாலு பாஷைக் கைடுகளும் வரிசையாக நின்றார்கள். மேலே ஜன்னலில் மரகதவல்லி, அத்தனை கூட்டத்தின் நம்பிக்கையில், வழக்கத்தைவிடப் பளபளப்பாக இருந்தாள். வீட்டுச் சாவியை ஒப்படைப்பதற்கு முன்னால் தையல்நாயகி இரண்டு வார்த்தை பேசுவார் என்று இளம்பரிதி அறிவித்தார். அவள் மைக்கைத் தொடவில்லை. நேரே கலியமூர்த்தியிடம் போய் அவன் கையிலிருந்த குடையைப் பிடுங்கி உயர்த்தினாள். கைடுகள் அத்தனை பேரும், பழக்க தோஷம், கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடினார்கள்.

"மரகதவல்லி ராஜாவுக்காகக் காத்திருந்தா" என்று அவள் ஆரம்பித்தாள், கூட்டம் ஆகா என்றது. "காத்திருந்து காத்திருந்து ஒருநா அலுத்துப் போயி, போடா நீயும் உன் அரண்மனையும்னு கீழ எறங்கி வந்தா" என்றாள், கூட்டம் இன்னும் பலமாக ஆகா என்றது. அதற்கப்புறம் அவள் சொன்னதெல்லாம் ஒரே மூச்சாக, கல் சுற்றுகிற தாளத்தில், நிற்காமல் போயிற்று: மரகதவல்லி ஒட்டியாணத்தை விற்று மோட்டார் வாங்கினாள், மோட்டார் முதல் வாரமே புகைந்தது, அதை ரிப்பேர் பார்க்க வந்தவனைக் கட்டிக்கொண்டாள், அவன் நல்லவன்தான், ஆனால் குளித்த துண்டைக் காயப்போட மாட்டான், அதற்குத் தினம் ஒரு சண்டை, சண்டை முடிந்து ரசம், ரசத்துக்குப் புளி இல்லையென்றால் பக்கத்து வீடு, பக்கத்து வீட்டோடு குழாய்த் தண்ணீருக்கு மூன்று வருஷம் பேச்சு இல்லை, அப்புறம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மாவு இடிக்கப் போய்ப் பேச்சு வந்தது, பிள்ளை தங்கவில்லை, இரண்டு முறை, அதை யாரிடமும் சொல்லவில்லை, மறுநாளே மில்லைத் திறந்தாள், மழைக்காலத்தில் அரிசி காயாது, வெயில் காலத்தில் கரண்ட் இருக்காது, புருஷன் ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை, அவன் துண்டு அப்போதும் ஈரமாகவே கிடந்தது, முட்டி வலிக்கு எண்ணெய், இருமலுக்கு மிளகு, காலையில் மோட்டார், மத்தியானம் மோட்டார், பொட்டுக்கடலைக்குக் கல்லை இளக்க வேண்டும், மிளகாய்க்குப் பிறகு கல்லைத் துடைக்க வேண்டும்.

புளிக்கே முதல் வரிசை கலைந்துவிட்டது. குழாய்ச் சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். பிள்ளை தங்காததைச் சொன்னபோது பெரிய இடத்து விருந்தாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வேறோர் ஊரில் அவருக்கு வேறொரு ரிப்பன் காத்திருந்தது. மேலே மரகதவல்லியோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கனத்துக்கொண்டே வந்தாள். கண் சாதாரணக் கண்ணாகச் சுருங்கியது, இடுப்பு ஒரு பெண்பிள்ளையின் இடுப்பாயிற்று, தலை நரைத்தது, நகைகள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மாவு நெடி தாங்காமல் தும்மினாள். இளம்பரிதி அண்ணாந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். "இதுல என்னய்யா மரபு இருக்கு, இது சும்மா ஒரு பொம்பள" என்று பக்கத்திலிருந்தவரிடம் கடுப்பாகச் சொல்லிவிட்டு, ரிப்பனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அதற்குமேல் எவரும் அந்த வீட்டைக் கேட்டு வரவில்லை. கைடுகள் கலைந்து, மூடிப்போன சினிமா கொட்டகைப் பக்கம் குடையை நீட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். சிங்காரவேலு பெயர்ப்பலகையை இறக்கினார்.

தையல்நாயகி இதில் எதையும் கவனிக்கவில்லை. வீடு மிஞ்சிவிட்டது என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியாமல், காலி நாற்காலிகளைப் பார்த்துக் குடையைத் தூக்கியபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்றுவரை வந்து, இன்று காலைவரை வந்து, அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லாமல் நின்றாள். அவளுடைய மொத்த வாழ்க்கைக்கும் ஒரு மனுஷன்கூட நிற்கவில்லை. இதைத்தான் அவள் எதிர்பார்த்தாள், இதற்காகத்தான் சொன்னாள், ஆனாலும் நெஞ்சு காந்தியது.

பின்னால் மாடிப்படியில் காலடி கேட்டது. மரகதவல்லி ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

எந்தக் கைடும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத வார்த்தை அது. தையல்நாயகியையும் பிறந்ததிலிருந்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் குடையை மடக்கிக் கீழே வைத்தாள்.

"சொல்றேன், கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று சொல்லிவிட்டு, அந்தப் படியிலேயே அவளும் உட்கார்ந்தாள்.